தானியங்கிக் கியரும் விரைவும்

கோலார் தங்கவயலில் பொன் எடுக்கும் தொழில் 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் நின்றது. ஆயினும் அவ்வூரில் வேறொரு பெருந்தொழில் இருப்பதை வெளியூரார் பலர் அறியார். 1964இல் தொடங்கப்பெற்று, இன்று பெமல் என வழங்கும் பொதுத்துறை நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கே புல்டோசர்களைச் செய்து வருகிறது. புல்டோசரின் எஞ்சினுக்கும் கியருக்கும் இடையே டார்க் கன்வெர்ட்டர் என்னும் உறுப்பு ஒன்று உண்டு. நம்மவர் ஓட்டும் தானியங்கிக் கார்கள் பலவற்றிலும் அதுவே சிறிய உருவில் இருக்கிறது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதற்குத் ‘திருப்புவிசை மாற்றி’ என்று பெயரிட்டு மகிழ்ந்ததுண்டு. தங்கவயலில் வாழும் நம் உறவினர் ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்து, “கன்வெர்ட்டர் என்றால் போதாதா, அண்ணா?” என்றார். போதும் என்றே இப்பொழுது நமக்கும் தோன்றுகிறது.

எண்ணெய் நிறைந்த ஒரு கூட்டினுள் எஞ்சினால் சுழலும் சக்கரம் எண்ணெயை வீசுகிறது. அவ்வீச்சினால் எதிர்ச்சக்கரம் சுழல்கிறது. திரும்பி வரும் எண்ணெயை இடையிலுள்ள மூன்றாம் சக்கரம் நெறிப்படுத்த, இழுவை பெருகுகிறது. புல்டோசரின் தகடு மண்ணில் சிக்கி நின்றாலும் எஞ்சின் அணைந்துவிடாமல் இழுத்துக்கொண்டேயிருப்பது இதனாலேதான். இதனை ஆக்கியவர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். 1905இல் அவர் காப்புரிமை பெற்றபோது கருதியது காரை அன்று, கப்பலை. விரைந்து சுழலும் நீராவி டர்பைனை மெல்லச் சுழலவேண்டிய கப்பல் விசிறியோடு இணைப்பதே அவர் நோக்கம்.

காருக்கு முழுத் தானியங்கிக் கியரைப் பெருமளவில் செய்து விற்றது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். 1939இல் அது அறிவித்த ஹைட்ரமாட்டிக் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் அமைந்தது. ஆனால் எளிய குடும்பத்தார் வாங்கும் காருக்கு அந்த வசதி வந்தபோதுதான் சுவையான சிக்கல் ஒன்று எழுந்தது. 1950இல் ஷெவர்லே காரில் பவர்கிளைடு என்னும் இரண்டே கியர் கொண்ட அமைப்பு வைக்கப்பட்டது. சாதாரணமாக வண்டி மேல் கியரிலேயே புறப்படும். கன்வெர்ட்டர் மட்டுமே அதை உந்தவேண்டும். ஓட்டம் வெண்ணெய்போல் வழவழப்பாக இருந்தது. விரைவோ, இல்லை!

பொறுமையிழந்த ஓட்டுநர்கள் ஒரு வழி கண்டனர். நெம்புகோலைக் கீழ்க் கியரில் வைத்துப் புறப்பட்டு, வேகம் பிடித்தபின் மேல் கியருக்குத் தள்ளினர். வண்டி பாய்ந்தது. ஆனால் அத்தகைய பயன்பாட்டுக்காக அமைக்கப்படாத கியர்ப்பெட்டி தேய்ந்தது. 1953இல் நிறுவனமே இறங்கிவந்து, வண்டி தானாகவே கீழ்க் கியரில் புறப்பட்டுப் பின் மேல் கியருக்கு மாறும்படி திருத்தியது. அவ்வாண்டு எஞ்சினின் வலிவும் சற்றுக் கூட்டப்பட்டது உண்மையே. எனினும் மக்கள் கையால் செய்த தந்திரத்தை இயந்திரம் கற்றுக்கொண்டது என்பதே நம் கருத்து. எந்தக் கியர்ப்பெட்டியும் எஞ்சினுக்குப் புதிதாக வலிவைத் தராது. உள்ள வலிவு முழுதும் வெளிப்படும் சுழற்சிக்கு எஞ்சினை ஏற்றித் தருவதொன்றே அதனால் இயலும்.

நம் நாட்டில் சிறு கார்க்காரருக்குக் குறைந்த விலையில் இவ்வசதி பரவலாகியது 2014இல் மாருதி செலேரியோ வந்தபிறகு. அதில் கன்வெர்ட்டர் இல்லை. வழக்கமான கியர்ப்பெட்டியில் கிளச்சையும் கியரையும் ஒரு கருவி இயக்குகிறது. கியர் மாறும்போது ஒரு நொடித் தயக்கம் உண்டு. மாறும் வேளையில் காலைச் சற்றே தளர்த்தினால் அது குறைகிறது.

இவ்வகைச் சிறு கார் ஒன்று நம்மிடமும் உண்டு. ஒருமுறை ஐவரையும் ஏற்றிக்கொண்டு தங்கவயலிலிருந்து பங்காருப்பேட்டைக்குச் செல்கையில், முன்னே சென்ற லாரியைக் கடக்க வலப்புறம் விலகி மிதியை அடிவரை அழுத்தினோம். கியர்ப்பெட்டி யோசித்தது. எதிரே பேருந்து வந்தது. பிரேக்கை மிதித்து லாரியின் பின்னே ஒதுங்கியபோது வண்டியில் ஒருவரும் பேசவில்லை.

அன்று முதல் 1950இன் ஷெவர்லேக்காரர் வழியையே, இயந்திரத்துக்குக் கேடில்லாத அளவில், நாமும் கையாள்கிறோம். இக்காலக் கார்களில் கையால் கியர் தேர்ந்துகொள்ளவும் இடமுண்டு. பொருந்தாத வேகத்தில் கேட்டால் அவை மறுத்துவிடும். லாரியின் பின்னால் இருக்கும்போதே கியரை ஒன்று இறக்கி, எஞ்சினின் குரல் உயர்ந்தபிறகே வலப்புறம் விலகுகிறோம். வண்டி ஏன் இப்படிக் கத்துகிறது என்று பின்னிருக்கையிலுள்ள நம் தாயார் மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.