செவித்திறனை அளந்த வரலாறும் மலையகத் தேயிலைத் தொழிற்சாலையும்

விடியுமுன் தப்பொலி கேட்டுப் பெரட்டுக்களம் சேர்தல் மலையகத் தோட்ட மக்களின் பழைய வழக்கம். நாளின் தொடக்கத்தையே செவி உணர்த்திய அவ்வாழ்விலே செவிப்புலன் மங்குதல் சிறு குறையன்று. ஆயினும், அக்குறை எவ்வளவு என்று அளந்து கூறும் வழி மருத்துவ உலகிலும் நெடுங்காலம் தோன்றவில்லை.

முற்கால மருத்துவர் தாழ்ந்த குரலிற் பேசியும், கடிகாரத்தைச் செவியருகே பிடித்தும் சோதித்தனர். 1855இல் ஜெர்மானிய மருத்துவர் ரின்னே, இசைக்கவையின் ஒலி காற்றின் வழியே கேட்பதையும் காதின் பின்னெலும்பின் வழியே கேட்பதையும் ஒப்பிட்டார். கோளாறு நடுச்செவியிலா உட்செவியிலா என்பதை உய்த்துணர இது உதவிற்று. குறையின் அளவு புலனாகவில்லை. 1886இல் கிளாஸ்கோ நகரின் தோமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரைக் கடிகார ஒலியாற் சோதித்தார். அவருள் ஒருவருக்கேனும் பழுதற்ற செவி இருக்கவில்லை.

அக்காலத்திலேயே இலங்கை மலைநாட்டிலும் இயந்திரம் புகுந்தது. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், முதலிற் பங்களா விறாந்தையிற் கொழுந்தைக் கையால் உருட்டுவித்தார். 1872இல் அதற்கொரு பொறி அமைத்தார். கோப்பி நோயால் அழிந்தபின், ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளெங்கும் தேயிலைத் தொழிற்சாலைகள் எழுந்தன. உருட்டும் பொறியும் சல்லடையும் உலர்த்தியும் இரையும் கூடங்களில் தொழிலாளர் மணிக்கணக்காய் நின்றனர்.

‘ஓடியோமீற்றர்’ என்னும் பெயர் 1879இலேயே வழங்கினும், வால்வுகளைக் கொண்டு இயங்கிய கருவி அமெரிக்காவில் வெளிவந்தது 1922இல் ஆகும். சோதிக்கப்படுபவர் காதணியை மாட்டிக்கொண்டு, ஒலி கேட்டவுடன் சைகை செய்வார். ஒவ்வொரு சுருதியிலும் அவர் கேட்கவல்ல மிகத் தாழ்ந்த ஒலியே வரைபடத்திற் குறிக்கப்படும். நோயற்ற இளைஞரின் சராசரி எல்லையே 0 தெசிபெல். ஒவ்வொரு 10 தெசிபெல்லுக்கும் ஒலியின் வலு பத்து மடங்காகும். ஆகவே 40 தெசிபெல் குறையுடையவருக்குப் பதினாயிரம் மடங்கு வலுவுள்ள ஒலி வேண்டும்.

இரைச்சலால் விளையும் கேடு பெரும்பாலும் செக்கனுக்கு 4000 அதிர்வுகளை அடுத்த உயர்ந்த சுருதியிலே தொடங்கும். பேச்சின் உயிரொலிகள் அதனினும் தாழ்ந்தவையாதலின், தொழிலாளர் தம் குறையை உணரார். பின்னரே மெல்லிய மெய்யொலிகள் மறைந்து, குரல் கேட்டும் சொல் விளங்காத நிலை வரும். உட்செவியின் மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. தாமே அறியுமுன் குறையைக் காட்டவல்லது அவ்வரைபடமே.

கொழுந்தை நாள்தோறும் நிறுத்துக் கணக்கெழுதும் தோட்டத்திலே, பொறியருகே நிற்பவரின் செவியையும் ஆண்டுக்கொரு முறையேனும் அளந்தெழுதுதல் அறமாகும்.