மெயின்பிரேம்களில் நினைவகக் காப்பு

மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணினி ஒன்றில் ஒரே நேரத்தில் பல இயங்குதளங்கள் ஓடும். கணினி முழுவதும் தனக்கே உரியது என்று ஒவ்வொன்றும் எண்ணிக்கொள்ளும். அடியில் இருந்து நினைவகத்தைப் பங்கிட்டு, ஒருவர் இடத்தில் இன்னொருவர் கை வைக்காமல் காக்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர். அதன் மேல் ஓடும் இயங்குதளத்துக்கு விருந்தினர் என்று பெயர்.

ஜொகூரின் கூலாய் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. லயம் எனப்படும் ஒவ்வொரு வீட்டு வரிசையிலும் 'முதல் வீடு' உண்டு. எந்த லயத்து முதல் வீடு என்பது தோட்ட எழுத்தரான கிராணியின் பேரேட்டைப் புரட்டினால்தான் தெரியும். விருந்தினர்கள் எல்லாருமே நினைவகத்தைச் சுழியத்தில் இருந்துதான் எண்ணுகிறார்கள். உண்மையான இடம் ஹைப்பர்வைசரின் பேரேட்டில் இருக்கிறது.

ஹைப்பர்வைசருக்கு முன்பே நினைவகத்தைக் காக்கும் சாவி வந்துவிட்டது. ஐ.பி.எம். 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்த சிஸ்டம்/360 கணினியில் நினைவகம் 2,048 பைட் கொண்ட கட்டங்களாகப் பிரிந்தது. கட்டத்துக்கு ஒரு நான்கு பிட் சாவி. எனவே 0 முதல் 15 வரை எண்கள். ஓடும் நிரலுக்கும் ஒரு சாவி எண் உண்டு. 9-ஆம் சாவி வைத்திருக்கும் நிரல் 8-ஆம் சாவிக் கட்டத்தில் எழுத முயன்றால் வன்பொருளே தடுத்து நிறுத்தி, இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிடும். சாவி 0 மட்டும் எல்லாக் கதவையும் திறக்கும். இந்த விதிவிலக்கில்தான் பிற்காலச் சிக்கல்கள் பிறந்தன.

1967 ஜனவரியில் ஐ.பி.எம்.மின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில் சி.பி.-40 என்ற ஹைப்பர்வைசர் ஓடத் தொடங்கியது. ராபர்ட் கிரீசியும் லெஸ் கோமோவும் அதன் மூலவர்கள். மாற்றியமைத்த ஒரே சிஸ்டம்/360 மாதிரி 40-இல், தலா 256 கிலோபைட் நினைவகத்துடன் 14 மெய்நிகர் கணினிகள் வரை இயங்கின. அடுத்து சி.பி.-67, 1972 ஆகஸ்டில் வி.எம்./370.

இந்தக் கால மாற்றம் தமிழ்நாட்டையும் தொட்டது. ஜெர்மனியின் உதவியால் 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த கணினி ஐ.பி.எம். 370/155. 1970-இல் அறிவிக்கப்பட்டபோது அந்த மாதிரியில் சாவிக் காப்பு இருந்தது, முகவரியை மாற்றித் தரும் வன்பொருள் இல்லை. அதைத் தனியாகப் பொருத்தினால் ஒழிய வி.எம்./370 அதில் ஓடாது.

வி.எம்./370-இன் பெரிய வேலை நிழல் அட்டவணை. விருந்தினரும் தன் நிரல்களுக்கு மெய்நிகர் நினைவகம் கொடுத்தால் முகவரியை இருமுறை மாற்ற வேண்டும். வன்பொருளுக்கோ ஒருமுறைதான் மாற்றத் தெரியும். ஆகவே ஹைப்பர்வைசர் முகவரி மாற்றத்துக்கான தன் அட்டவணையையும் விருந்தினரின் அட்டவணையையும் சேர்த்து மூன்றாவதாக ஒன்றை எழுதி வன்பொருளிடம் கொடுத்தது. விருந்தினர் தன் அட்டவணையை மாற்றும்போதெல்லாம் நிழலையும் திருத்த வேண்டியிருந்ததால் வேகம் குறைந்தது. 1980-களின் தொடக்கத்தில் 370-எக்ஸ்.ஏ. கட்டமைப்புடன் வந்த 'எஸ்.ஐ.இ.' என்ற ஒற்றைக் கட்டளை இரு மாற்றங்களையும் வன்பொருளிடமே விட்டது. மெயின்பிரேம் வரலாற்றில் இதற்கு இணையான முன்னேற்றம் அதிகம் இல்லை. சாதாரண சர்வர் சிப்புகளில் இதே வசதியை ஏ.எம்.டி. 2007-இலும் இன்டெல் 2008-இலும்தான் தந்தன.

2008-இல் லினக்ஸின் கே.வி.எம். ஹைப்பர்வைசரும் மெயின்பிரேமுக்கு வந்தது. விருந்தினரின் நினைவகப் பக்கத்தை வட்டுக்கு அனுப்பினால் அதன் சாவி தொலையக்கூடாது. அதற்காக 2 கிலோபைட் பக்க அட்டவணையை ஒட்டி இன்னொரு 2 கிலோபைட் ஒதுக்கி, சாவிகளை அங்கே குறித்து வைக்கிறது கே.வி.எம்.

நுட்பமான ஆபத்து வேறிடத்தில் இருந்தது. சில கட்டளைகளை விருந்தினருக்காக ஹைப்பர்வைசரே நிறைவேற்றித் தர வேண்டும். அப்போது அது தன் சாவி 0-ஐக் கொண்டு விருந்தினரின் நினைவகத்தில் எழுதினால், விருந்தினருக்கே உரிமை இல்லாத கட்டமும் திறந்துவிடும். தோட்டத்துக் கங்காணி மாஸ்டர் சாவியுடன் வந்து, கேட்டவருக்கெல்லாம் எந்த வீட்டையும் திறந்துவிடுவது போன்றது அது. எனவே விருந்தினரின் சாவி எண்ணைக் கொண்டே சோதித்த பிறகுதான் படிக்கவோ எழுதவோ வேண்டும். இயங்குதளத்தின் கருவான கர்னலுக்கு வெளியில் இருந்து கட்டளைகளை நிறைவேற்றும் நிரல்களுக்கும் இந்தச் சோதனையை 2022-இல் லினக்ஸ் 5.18 கொடுத்தது.

அதற்குள் கேள்வியே மாறியிருந்தது. காவல்காரரையே நம்ப முடியாவிட்டால்? 2020-இல் இசட்15 கணினிக்கு ஐ.பி.எம். அறிவித்த செக்யூர் எக்ஸிக்யூஷன், ஹைப்பர்வைசரையும் வெளியே நிறுத்தியது. அல்ட்ராவைசர் என்ற நிலைபொருள் விருந்தினரின் பக்கங்களைக் காக்கிறது. அவற்றை ஹைப்பர்வைசர் தொட்டால் பிழைதான் கிடைக்கும். வெளியே அனுப்பும் பக்கங்கள் மறையாக்கம் செய்யப்பட்டே போகும்.

கூலாயில் இன்று கூலாய் யங் செம்பனைத் தோட்டம் இருந்த நிலத்தில் ஒய்.டி.எல். நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா எழுந்திருக்கிறது. செடெனாக்கிலும் தரவு மையங்கள் பெருகுகின்றன. இப்படிப்பட்ட மையங்களில் மெய்நிகர் கணினியை வாடகைக்கு எடுக்கும் தமிழ் வணிகர்கள், மின்சாரத்தையும் விலையையும் விசாரிப்பதோடு நிற்க வேண்டாம். என் நினைவகத்தை உங்கள் ஹைப்பர்வைசரால் படிக்க முடியுமா என்றும் கேளுங்கள்; பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.