திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழ் நாளேடு

கன்னியாகுமரி மாவட்டத்தின் இதழியல் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் ஒரு முரணைச் சந்திக்க நேர்கிறது. இம்மாவட்டத் தமிழர்க்கெனத் தோன்றிய நாளேடு இம்மாவட்டத்தில் தோன்றவில்லை. 1951 செப்டம்பர் 6ஆம் நாள் 'தினமலர்' திருவனந்தபுரத்திலிருந்து வெளிவந்தது. நாஞ்சில் நாட்டில் 1908இல் பிறந்த டி.வி. இராமசுப்பையர் அதன் நிறுவனர். மலையாளம் கோலோச்சிய தலைநகரில் தமிழ் நாளேடு எதற்கு என்னும் வினாவுக்கு விடை தேடினால், மாவட்டத்தின் பிறப்பு வரலாறே நம்முன் விரிகிறது.

தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதிகள். செயலகம், பல்கலைக்கழகம், உத்தியோகம் எல்லாம் திருவனந்தபுரத்தில். சென்னையிலிருந்து வந்த ஏடுகளுக்கு நாகர்கோவில் வேற்று மாநிலத்து ஊர். திருவனந்தபுரத்து ஏடுகளுக்கோ வேற்று மொழியினர் வாழும் ஊர். இவ்விரண்டுக்கும் இடையே விழுந்துகிடந்த வாசகனுக்கு ஓர் ஏடு தேவைப்பட்டது.

அந்த மண்ணில் பத்திரிகை நடத்துவது எளிதாகவும் இருந்ததில்லை. வக்கம் அப்துல் காதர் மௌலவி அவர்கள் 1905 ஜனவரியில் அஞ்சுதெங்கில் தொடங்கிய 'சுதேசாபிமானி'யை நம் வாசகர்கள் அறிவார்கள். மார்க்க அறிஞரான மௌலவி, நெய்யாற்றின்கரை கே. இராமகிருஷ்ண பிள்ளையை ஆசிரியராக அமர்த்தி, அவர் எழுதுகோலில் தலையிடாதிருந்தார். திவான் பி. இராஜகோபாலாச்சாரியின் ஆட்சியை அவ்வேடு கடுமையாகத் தாக்கியது. 1910 செப்டம்பர் 26 அன்று அச்சுக்கூடம் பறிமுதலானது. ஆசிரியர் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிக்குக் கடத்தப்பட்டார். முதலை இழந்தவர் முஸ்லிம், நாட்டை இழந்தவர் இந்து. தென்னிந்திய இதழியலில் இத்தகைய கூட்டுறவுக்கு நிகரான எடுத்துக்காட்டுகள் மிகச் சிலவே என்பது நம் கருத்து.

தமிழ் இதழ்கள் இக்காலத்தில் முற்றிலும் இல்லாமலில்லை. திருவனந்தபுரத்தில் பண்டித முத்தையா பிள்ளை நடத்திய 'தமிழன்' இதழில்தான் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' 1917-18இல் தொடராக வந்தது. மகனை விட்டு மருமகனுக்குச் சொத்தைத் தரும் வழக்கத்தை நகைச்சுவையால் அந்நூல் பிளந்தது. 1926இல் வந்த நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்துக்கு இதுவே காரணம் என்பது மிகையாகலாம். ஆயினும், ஊர்ச்சாவடியில் பேசப்பட்டதை அச்சில் ஏற்றினால் அது சட்டமன்றம் வரை செல்லும் என்பதை நாஞ்சில் நாட்டார் அப்போது கண்டுகொண்டனர்.

1945இல் உருவான இயக்கம் பின்னர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு எனப் பெயர் பெற்றது. தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. மார்ஷல் நேசமணியின் பெயர் அனைவரும் அறிந்தது. அவரோடு முன்னணியில் நின்ற ஏ. அப்துல் ரசாக் அவர்கள் மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தவர். இன்றைய இளைஞரிடையே அவர் பெயர் மங்கிவிட்டது வருந்தத்தக்கது. இடலாக்குடியிலும் தக்கலையிலும் திருவிதாங்கோட்டிலும் வாழ்ந்த முஸ்லிம்களுக்குத் தமிழே தாய்மொழி; சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைத் தந்த ஊருக்கு இதில் ஐயம் இருந்திருக்க இயலாது. மேற்கே தேங்காய்ப்பட்டினத்தில் நிலை வேறு. அங்கு வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் வழங்கின. மலையாள வழியில் பயின்ற தோப்பில் முஹம்மது மீரான் தமிழ் நாவலாசிரியராகி 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்றதை நினைத்தால், எல்லைக்கோடு எத்தனை வீடுகளுக்குள்ளே ஓடியது என்பது புலப்படும்.

'தினமலர்' இணைப்புக் கோரிக்கையின் பக்கம் நின்றது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் உயிர்கள் பலியாயின. பட்டம் தாணுப்பிள்ளையின் அமைச்சரவை விலகவேண்டும் என அவர் சார்ந்த கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே கூறினார். சுட்ட அரசு அமர்ந்திருந்த அதே நகரில், சுடப்பட்டவர்களின் மொழியில் ஒரு நாளேடு அச்சாகிக்கொண்டிருந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் அங்கு ஓர் அச்சுக்கூடத்துக்கு நேர்ந்ததை எண்ணினால், இது சிறிய செயலன்று.

1956 நவம்பர் 1இல் நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. வெற்றி பெற்ற ஏட்டுக்கு அவ்வெற்றியே நெருக்கடியானது. அதன் வாசகர்களுள் பெரும்பாலோர் ஒரே நாளில் வேறு மாநிலத்தவராயினர். 1957இல் ஏடு இடம் பெயர்ந்தது. ஆனால் நாகர்கோவிலுக்கு அன்று, திருநெல்வேலிக்கு. ஏன்? நாகர்கோவிலில் அன்று இரயில் இல்லை, நெல்லையிலோ இருந்தது. நாளேடு என்பது விடியுமுன் போய்ச்சேர வேண்டிய சரக்கு. ஆசிரியரின் விருப்பத்தைவிட வண்டியின் நேரமே அதன் இருப்பிடத்தைத் தீர்மானிக்கிறது. இதுவே காரணமாயிருக்க வேண்டும் என நாம் கருதுகிறோம்.

குமரிக்கு இரயில் வேண்டும் என அந்நாளேடு விடாது எழுதியதையும் இந்த ஒளியில்தான் காணவேண்டும். 1972இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1979இல் திருவனந்தபுரம்-கன்னியாகுமரிப் பாதையும், 1981இல் நாகர்கோவில்-திருநெல்வேலிப் பாதையும் திறக்கப்பட்டன. அதுவரை ஏட்டுக் கட்டுகளுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழிச் சாலைதான் கதி.

சிற்றூர்ச் செய்தியின் மதிப்பைப் படித்தவர்கள் குறைத்தே எடைபோடுகின்றனர். குளம் உடைந்தது, கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை, குளச்சலில் கடலரிப்பு, பேருந்து ஒரு நிறுத்தத்தில் நிற்பதில்லை என்பன தில்லிக்கும் சென்னைக்கும் செய்தியல்ல. ஆனால், இவை அச்சான காலையில்தான் வட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்பு அசைகிறது. தக்கலையில் பீர்முஹம்மது அப்பா (ரஹ்) அவர்களின் ஞானப்புகழ்ச்சி பாடப்படும் ரஜப் இரவும், கோட்டாற்றுச் சவேரியார் திருவிழாவும், சுசீந்திரம் தேரோட்டமும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரும்போது, அண்டை வீட்டார் ஒருவர் நாட்காட்டியை மற்றவர் அறிகின்றனர். 1982இல் மண்டைக்காட்டில் கலவரம் மூண்ட மாவட்டம் இது. வதந்தி ஓடும் ஊரில், நடந்ததை நடந்தவாறு மறுநாள் சொல்லும் தாளுக்கு உள்ள பொறுப்பைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

ஏடு வளர்ந்தது. திருச்சி 1966, சென்னை 1979, மதுரை 1980 எனப் பதிப்புகள் பெருகி, நாகர்கோவில் பதிப்பு 1996இல்தான் வந்தது. தாய்மண் கடைசி வரிசையில் நின்றதாகவே நமக்குத் தோன்றுகிறது. வளர்ச்சிக்கு இன்னொரு விலையும் உண்டு. 2008இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் குறித்த கேலிச்சித்திரம் ஒன்று இந்நாளேட்டின் இணைப்பிதழில் வெளியாகி, முஸ்லிம்கள் கொதித்தெழுந்தபின் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. ஒரு சிறுபான்மையின் குறையைச் சொல்லப் பிறந்த ஏட்டில் இது நேர்ந்தது. வாசகனின் தெருவை அறிந்த செய்தியாளரின் கண்ணில் பட்டிருந்தால் அந்தப் பக்கம் அச்சேறியிருக்காது என்றே நாம் எண்ணுகிறோம்.

1951 முதல் 1957 வரை திருவனந்தபுரத்தில் அச்சான இதழ்களே இவ்வரலாற்றின் முதன்மைச் சான்றுகள். இடலாக்குடி, தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல் ஆகிய ஊர்களின் பழைய வீட்டுப் பரண்களிலோ படிப்பக அலமாரிகளிலோ அவற்றுள் ஒன்றிரண்டு கட்டுகளேனும் இருப்பின், கறையான் முந்துமுன் அவற்றைப் பிரதியெடுத்து வைக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.