பட்டம் வழங்காப் பள்ளி

செலியமேட்டை அடுத்த பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே வித்தியாஸ்தானம் ஒன்று இருந்தது. அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதை நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டுச் செப்பேடு கூறுகிறது. கல்விக்கு ஊரையே ஈந்த இப்பகுதியில், புதுச்சேரி நகரில், 1943 டிசம்பர் 2 அன்று ஸ்ரீ அன்னை சிறு பள்ளியொன்றைத் தொடங்கினார். 1952இல் அது ஸ்ரீ அரவிந்தர் பன்னாட்டுப் பல்கலைக்கழக மையமாக விரிந்தது. 1959இல் பன்னாட்டுக் கல்வி மையம் எனப் பெயர் மாறியது.

கணிதத்தையும் அறிவியலையும் பிரெஞ்சு மொழியில் கற்பிப்பதும், தொடக்க நாளில் உடற்பயிற்சி விழா நடத்துவதும் அதன் மரபுகள். ஆயினும் தலையாய மரபு வேறு: அங்கே பட்டமோ சான்றிதழோ இல்லை. தேர்வுக்காகப் படிப்பது கல்வியாகாது என்பதே அன்னையின் கொள்கை. பட்டம் கேட்கும் உலகில் மாணவருக்கு இது சுமையே. எனினும், மதிப்பெண் பட்டியலையே கல்வியென நம்பிவிட்ட நம் கல்லூரிகள் அச்சுமையின் பொருளை எண்ணிப் பார்த்தல் நலம்.