ரெட் கோட் தடத்தின் சிற்றூர்கள்

ரெட் கோட் தடம் என்பது கனடாவின் பிரெய்ரி புல்வெளிப் பகுதியில், மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா ஆகிய மூன்று மாகாணங்களின் தென்பகுதி வழியாகக் கிழக்கு மேற்காகச் செல்லும் நெடுஞ்சாலைத் தொடரின் பெயராகும். இதன் மொத்த நீளம் சுமார் 1,300 கிலோமீட்டர். இதில் ஏறத்தாழப் பாதி, சஸ்காச்சுவான் மாகாணத்தின் 13-ஆம் எண் நெடுஞ்சாலையாக அமைந்துள்ளது. கிழக்கிலிருந்து மேற்காகச் செல்பவர் ரெட்வர்ஸ், கார்லைல், ஸ்டௌட்டன், வேபர்ன், ஒகேமா, அசினிபோயா, பான்டெக்ஸ், ஷானவன், ஈஸ்ட்எண்ட், ராப்சார்ட் முதலிய ஊர்களைக் காணலாம். வேபர்னில் சுமார் 11,000 பேரும் ஷானவனில் சுமார் 1,700 பேரும் வாழ்கின்றனர். ஏனையவற்றுள் பல, சில நூறு பேர் மட்டுமே வாழும் சிற்றூர்கள். ஒரு தொழில்நுட்பத்தின் தேவைக்காக ஊர்கள் எவ்வாறு தோன்றுகின்றன, அத்தேவை மறைந்த பின் அவை என்ன ஆகின்றன என்பதற்கு இச்சாலை சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பெயர்க் காரணம்

1873-இல் கனடா அரசு வடமேற்குக் குதிரைக் காவற்படையை அமைத்தது. அமெரிக்காவிலிருந்து வந்த சாராய வணிகர்களைக் கட்டுப்படுத்துவதும், மேற்குப் பகுதியில் கனடாவின் ஆட்சியை நிலைநாட்டுவதும் இதன் நோக்கங்கள். அதே ஆண்டு சைப்ரஸ் குன்றுகளில் அசினிபோயின் மக்கள் பலர் வெளியிலிருந்து வந்த ஓநாய் வேட்டைக்காரர்களால் கொல்லப்பட்டனர். இந்நிகழ்வு படையை விரைந்து அனுப்பத் தூண்டியது. 1874 ஜூலை 8 அன்று மானிட்டோபாவின் டஃபரின் கோட்டையிலிருந்து சுமார் 275 காவலர்கள் மேற்கு நோக்கிப் புறப்பட்டனர். அவர்கள் அணிந்திருந்த சிவப்பு மேலங்கியே பின்னாளில் இச்சாலைக்குப் பெயராயிற்று. அவர்கள் சென்ற வழியை இன்றைய சாலை தோராயமாகவே பின்பற்றுகிறது.

முதற்குடிகளும் நிலமும்

இந்நிலம் ஆளற்ற வெளியாக இருக்கவில்லை. கிரீ, சோல்டோ, அசினிபோயின் முதலிய முதற்குடிகள் பைசன் எருதுகளை வேட்டையாடி இங்கு வாழ்ந்து வந்தனர். காவற்படை மேற்கே நடந்துகொண்டிருந்த அதே 1874 செப்டம்பரில் நான்காம் ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்றைய தெற்குச் சஸ்காச்சுவானின் பெரும்பகுதி இதில் அடங்கும். 1870-களின் இறுதிக்குள் பைசன் கூட்டங்கள் ஏறக்குறைய அழிந்தன. பட்டினியால் வாடி சைப்ரஸ் குன்றுகளை அடைந்த மக்களை அங்கிருந்து வெளியேற்ற, 1880-களின் தொடக்கத்தில் அரசு உணவு வழங்கலையே நிறுத்தியது. இச்சாலையோரச் சிற்றூர்களின் வரலாற்றை 1900-க்குப் பின் தொடங்கிச் சொல்வது வழக்கம். அதற்கு முந்தைய இந்த இழப்பையும் சேர்த்துப் படித்தால்தான் அவ்வரலாறு முழுமை பெறும்.

1857 முதல் 1860 வரை இப்பகுதியை ஆய்ந்த ஜான் பாலிசர், இதன் தென்பகுதி வேளாண்மைக்கு ஏற்காத வறண்ட நிலம் என்று கருதினார். அப்பகுதி இன்றும் பாலிசர் முக்கோணம் எனப்படுகிறது. பின்னர் வந்த தாவரவியலாளர் ஜான் மக்கூன், நல்ல மழை பெய்த ஆண்டுகளில் ஆய்வு செய்து, இந்நிலம் கோதுமைக்கு ஏற்றது என்றார். குடியேற்றத்தை விரும்பிய அரசும் இரயில் நிறுவனமும் இரண்டாவது கருத்தையே ஏற்றன.

குதிரை வண்டியின் தூரம்

1872-ஆம் ஆண்டின் டொமினியன் நிலச் சட்டப்படி, 10 டாலர் கட்டணம் செலுத்தியவருக்கு 160 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் அங்கே குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தைப் பண்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. நிலம் முழுவதும் 6 மைல் பக்கமுள்ள சதுரங்களாகவும், ஒவ்வொரு சதுரமும் 36 பிரிவுகளாகவும் அளக்கப்பட்டது. அவற்றுள் 11, 29 ஆகிய எண்ணுள்ள பிரிவுகள் பள்ளிகளுக்கு வருவாய் தருவதற்காக ஒதுக்கப்பட்டன.

விளைந்த கோதுமையை இரயிலடிக்குக் கொண்டுசெல்லக் குதிரை வண்டியே இருந்தது. உழவர் காலையில் மூட்டைகளுடன் புறப்பட்டு, விற்றுவிட்டு, இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய தொலைவில் நிலையம் இருக்க வேண்டும். ஆகவே கிளைப்பாதைகளில் சுமார் 8 முதல் 10 மைலுக்கு ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. நிலையம் அமைந்த இடத்தில் களஞ்சியம், கடை, வங்கி, தேவாலயம், பள்ளி என ஊர் உருவானது. இரயில் பாதையின் இடத்தைப் பொறுத்தே ஊர்களின் வாழ்வு இருந்தது. பிரெஞ்சு மொழி பேசுவோர் 1908-இல் நிறுவிய நோட்ர டாம் டோவெர்ன் என்ற குடியிருப்பு, சில ஆண்டுகளில் இரயில் பாதை ஓடையின் மறுகரையில் வந்தபோது அங்கே இடம்பெயர்ந்தது. அதுவே இன்றைய பான்டெக்ஸ். 1913-இல் இரயில் பாதையுடன் தோன்றிய ஷானவன் மறு ஆண்டே நகரத் தகுதி பெற்றது.

களஞ்சியமும் கூட்டுறவும்

எலிவேட்டர் எனப்படும் மரத் தானியக் களஞ்சியமே இவ்வூர்களின் அடையாளம். வண்டி முதலில் எடை மேடையில் நிற்கும். பின் தானியம் கீழேயுள்ள குழியில் கொட்டப்படும். கிண்ணங்கள் கோத்த வார்ப்பட்டை அதை உச்சிக்கு ஏற்றி, தரம் பிரித்த அறைகளில் நிரப்பும். அங்கிருந்து தானியம் தன் எடையாலேயே சரிந்து இரயில் பெட்டியில் இறங்கும். 70, 80 அடி உயரமுள்ள இக்கட்டடம் சமவெளியில் பல மைல் தொலைவிலிருந்தே தெரியும். 1930-களில் மூன்று மாகாணங்களிலும் இவற்றின் எண்ணிக்கை 5,700-ஐத் தாண்டியிருந்தது.

எடை குறைத்துக் காட்டுதல், தூசிக்கென்று அதிகம் கழித்தல், இரயில் பெட்டி தர மறுத்தல் ஆகிய குறைகள் உழவர்களை ஒன்றுசேர்த்தன. 1902-இல் சிண்டலூட்டா உழவர்கள் இரயில் பெட்டி ஒதுக்கீடு தொடர்பாக வழக்கில் வென்றனர். 1924-இல் செயற்படத் தொடங்கிய சஸ்காச்சுவான் கோதுமைக் கூட்டுறவு, விரைவில் மாகாணமெங்கும் சொந்தக் களஞ்சியங்களைப் பெற்றது.

வறண்ட முப்பதுகள்

1930-களில் பாலிசரின் எச்சரிக்கை உண்மையாயிற்று. தொடர்ந்த வறட்சியில் மேல்மண் காற்றில் பறந்தது. 1932-இல் ஒரு புஷல் கோதுமை விலை சுமார் 35 சென்ட்டாகச் சரிந்தது. 1935-இல் மண்வளத்தை மீட்க பிரெய்ரி வேளாண் மறுவாழ்வு நிர்வாகத்தை மத்திய அரசு ஏற்படுத்தியது.

இத்துன்பத்தை நேரில் கண்டவர்களுள் ஒருவர், 1930-இல் வேபர்னுக்கு வந்த பாப்டிஸ்ட் சபைப் போதகர் டாமி டக்ளஸ். 1935-இல் அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1944 முதல் 1961 வரை சஸ்காச்சுவானின் முதல்வராக இருந்தார். ஊரார் கூடி வரிப்பணத்தில் மருத்துவர் ஒருவரை அமர்த்தும் வழக்கம் 1915-இலேயே இம்மாகாணத்தின் சார்னியா ஊராட்சியில் தொடங்கியிருந்தது. அந்த மரபின் தொடர்ச்சியாக 1947-இல் மாகாண மருத்துவமனைக் காப்பீடும், 1962 ஜூலை 1 அன்று அனைவருக்குமான மருத்துவக் காப்பீடும் நடைமுறைக்கு வந்தன. மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தும் திட்டம் நிலைத்தது. இன்றைய கனடாவின் பொது மருத்துவக் காப்பீட்டுக்கு முன்மாதிரி இதுவே.

ஊர்கள் சுருங்கிய காரணம்

சரக்குந்தும் நல்ல சாலையும் வந்தபின் 10 மைல் என்ற அளவு பொருளற்றதாயிற்று. டிராக்டரின் வரவால் ஒரு குடும்பமே பல மடங்கு நிலத்தை உழ முடிந்தது. சஸ்காச்சுவானில் 1936-இல் 1,42,391 பண்ணைகள் இருந்தன. 2021-இல் அவை 34,128 ஆகக் குறைந்தன. பண்ணைகள் குறைந்தபோது கடைக்கு வருவோரும் பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் குறைந்தனர்.

1897-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் தோன்றிய குறைந்த இரயில் கட்டணச் சலுகை 1995-இல் முற்றாக நீக்கப்பட்டது. கிளைப்பாதைகள் பல கைவிடப்பட்டன. மரக் களஞ்சியங்களின் இடத்தைப் பெரிய கான்கிரீட் முனையங்கள் பிடித்தன. 1976-இல் வேபர்னில் தொடங்கிய உள்நாட்டு முனையம் உழவர்களே பங்குதாரர்களாக இருந்து அமைத்தது. தங்களுக்கு நல்ல விலை தேடி உழவர்கள் செய்த ஏற்பாடே தங்கள் ஊர்க் களஞ்சியத்தின் தேவையைக் குறைத்தது என்பது இவ்வரலாற்றின் முரண். 1993-இல் மாகாண அரசு 52 சிற்றூர் மருத்துவமனைகளைச் சுகாதார நிலையங்களாக மாற்றியது. அனைவருக்கும் மருத்துவம் என்ற எண்ணம் பிறந்த மாகாணத்திலேயே சிற்றூர் முதியவர்கள் மருத்துவமனையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல நேர்ந்தது.

இன்று காணத்தக்கவை

ரெட்வர்சில் சிவப்பு மேலங்கி அணிந்த குதிரைக் காவலரின் சிலை உள்ளது. ஒகேமாவில் ஊரார் வேறோர் ஊரிலிருந்து பழைய நிலையக் கட்டடத்தைக் கொண்டுவந்து நிறுவி, 2012 முதல் சுற்றுலா இரயில் நடத்துகின்றனர். ஷானவனைத் தலைமையிடமாகக் கொண்ட கிரேட் வெஸ்டர்ன் இரயில்வேயை 2004-இல் உள்ளூர் உழவர்களும் ஊராட்சிகளும் வாங்கினர். கைவிடப்பட இருந்த கிளைப்பாதைகளில் இன்றும் தானியம் செல்கிறது.

ஈஸ்ட்எண்ட் அருகே 1991-இல் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆய்வுக் குழுவுடன் சென்றபோது டைரனோசரஸ் ரெக்ஸ் எலும்பைக் கண்டெடுத்தார். 'ஸ்காட்டி' எனப்படும் அவ்விலங்கின் எடை 8,800 கிலோகிராமுக்கு மேல் இருந்திருக்கும் என்று 2019-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதற்கான அருங்காட்சியகம் அவ்வூரிலேயே உள்ளது. எழுத்தாளர் வாலஸ் ஸ்டெக்னர் சிறுவனாக வாழ்ந்த வீடும் அங்கு பேணப்படுகிறது. மேற்கே ராப்சார்ட்டில் ஆளற்ற கடைகளையும் வீடுகளையும் காணலாம்.

வயல்களும் மாறியுள்ளன. சஸ்காச்சுவான் பல்கலைக்கழகம் 1978-இல் வெளியிட்ட லேர்ட் என்னும் மைசூர்ப் பருப்பு வகைக்குப் பின் பருப்புச் சாகுபடி பெருகியது. அப்பருப்பின் முக்கிய வாங்குநர்களுள் இந்தியாவும் ஒன்று.

பயணம் செய்வோர் எரிபொருளை முன்கூட்டியே நிரப்பிக்கொள்வது நல்லது. சிறு அருங்காட்சியகங்கள் பல கோடையில் மட்டும், ஊராரின் தன்னார்வ உழைப்பால் திறந்திருக்கும். பாழடைந்தவை போல் தோன்றும் கட்டடங்களுக்கும் உரிமையாளர் உண்டு. அனுமதியின்றி நுழையக் கூடாது.

ஒகேமாவும் ராப்சார்ட்டும் ஒரே காலத்தில், ஒரே காரணத்துக்காகத் தோன்றியவை. குதிரை வண்டியின் தூரம் மறைந்தபோது இரண்டும் அந்தக் காரணத்தை இழந்தன. ஒன்றில் இன்று இரயில் வந்து நிற்கிறது. மற்றொன்றின் கடைத்தெருவில் புல் முளைத்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே 13-ஆம் எண் சாலையில் உள்ள ஊர்கள் ஒவ்வொன்றும் தம் பள்ளியையும் கடையையும் தக்கவைத்துக்கொள்ளும் முயற்சியை இன்றும் தொடர்கின்றன.