அடையாள அட்டைப் படம்

என் அப்பா யாழ்ப்பாணத்து ஸ்டூடியோ ஒன்றில் நெகட்டிவ் திருத்துபவராக இருந்தார். கூர்ப்பென்சிலால் முகத்துத் தழும்பை மறைப்பார். கறுத்த பெண்ணை வெளுக்கவும் கேட்பார்கள். எனக்கு அது பிடித்ததில்லை.

இங்கு பெண்களுக்குப் பள்ளிக்கூடம் கமெராவுக்கு முன்பே வந்துவிட்டது. உடுவிலில் அமெரிக்க மிஷனின் பெண்கள் பாடசாலை தொடங்கியது 1824இல். ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். பிறகு கமெரா இங்கு வந்தபோது, பெயரோடு படமானவர்கள் பெரும்பாலும் படித்த, வசதியுள்ள வீட்டுப் பெண்கள். மேற்சட்டை போடவே தடுக்கப்பட்ட சாதிகளின் பெண்கள், வெளியார் எடுத்த படங்களில் பெயரில்லாமல் நிற்கிறார்கள்.

ஸ்டூடியோவுக்குப் பெண்கள் வந்தது சாமத்தியம் என்னும் பூப்புச் சடங்குக்கும் கலியாணத்துக்கும். சாமத்தியப்பட்ட பெட்டையைப் பக்கம் திருப்பி, பின்னால் நிலைக்கண்ணாடி வைப்பார்கள். முகமும் வேண்டும், சடைநாகமும் பூவும் வைத்த பின்னலும் வேண்டும். கண்ணாடியில் கமெராவோ விளக்கோ விழக்கூடாது. அந்தக் கோணத்தைப் பிடிக்க நேரம் எடுக்கும். அதற்குள் பிள்ளை களைத்துவிடும்.

1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டப்படி 1972இல் அடையாள அட்டை வரத் தொடங்கியது. புகையிலைத் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர்கள், மீன் விற்றவர்கள், கடகம் இழைத்தவர்கள் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் முதன்முதலாகக் கமெராவுக்கு முன் இருந்தது அதற்காகத்தான். அந்தப் படங்களில் அப்பா பென்சில் வைக்கவில்லை. வெயில் கீறிய நெற்றி, வெற்றிலை உதடு, நேரே பார்க்கும் கண். எங்கள் பெண்களின் ஆகச்சிறந்த படங்கள் அவைதான் என்பேன்.

போரால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அல்பங்கள் வீடுகளோடு போயின. அட்டை மட்டும் மடியில் இருந்தது. பின்னாளில் இறந்தவர்களின் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்த கல்வெட்டு என்னும் நினைவு மலர்கள் பலவற்றில், முதல் பக்கத்துக்குப் பெருப்பித்துப் போட்டது அந்தச் சின்னப் படத்தைத்தான்.