தீட்டென்ற தொழிலும் கற்றறிந்த தொண்டும்
(பேறுகாலத் துணைப் பெண்களின் வரலாறு குறித்து ஒரு சிந்தனை)

பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் முதலில் ஏந்துவது ஒரு பெண்ணின் கை. இடுப்புவலியால் துடிப்பவளுக்குத் தோள் கொடுத்து, முதுகை நீவி, தொப்புள்கொடியை அறுத்து, குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பில் கிடத்தும் கை அது. மன்னர்களின் பிறந்தநாளைக் குறித்து வைத்த வரலாற்று ஏடுகள், அவர்களை ஏந்திய கைகள் யாருடையவை என்பதைக் குறித்து வைக்கவில்லை. அக்கைகளுள் பல, நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட சமுதாயங்களின் கைகளே. நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவற்றின் வரலாற்றை நினைவுகூர்தல் பொருத்தமுடையதாகும். அவ்வரலாறு நம் இளைஞர்முன் ஒரு கேள்வியையும் வைக்கிறது. சாதி நம்மீது சுமத்திய ஒரு வேலையை, அதிலிருந்து விடுபட்ட பின்னர் நாமே விரும்பித் தொண்டாக மேற்கொள்ளலாமா?

சாதி விதித்த வேலை

வட இந்தியாவின் பல பகுதிகளில் பேறு பார்க்கும் பெண்ணைத் ‘தாயி’ என்பர். அங்கு அவ்வேலை பெரும்பாலும் சமார் முதலிய தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்களுக்கே உரியதென விதிக்கப்பட்டிருந்தது. காரணம் அவர்களது திறமையன்று. பேற்று உதிரம் தீட்டு. தொப்புள்கொடியை அறுப்பதும் நஞ்சுக்கொடியைப் புதைப்பதும் தீட்டு. தீட்டைத் தொடுவதற்கு ஏற்கெனவே தீட்டெனப்பட்டவர் வேண்டும் என்பதே சாதியின் தருக்கம். உயிர் காத்த பெண், பேறு முடிந்த மறுகணமே தீண்டத்தகாதவளானாள். அவள் பெற்ற கூலியோ சிறிது தானியமும் பழைய புடவையுமே.

தமிழ்நாட்டில் நிலைமை சற்று வேறு. சாதி இந்துக்களின் வீடுகளில் பேறு பார்த்த மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் குலத்தைச் சேர்ந்தவள். சேரிகளில் அனுபவம் மிக்க நம் மூதாட்டியரே ஒருவருக்கொருவர் துணையாயினர். மருத்துவமனைகள் தோன்றிய பின்னரும் சாதி வாயிலிலேயே நின்றது. சென்னை எழும்பூரில் 1844-இல் மகப்பேறு மருத்துவமனை தொடங்கப்பெற்றது. அங்கு வரத் தயங்கிய உயர்சாதிப் பெண்களுக்கும் திரைக்குள் வாழ்ந்த முஸ்லிம் பெண்களுக்குமாக 1885-இல் மற்றொரு மருத்துவமனை எழுந்தது. அதன் பெயரிலேயே ‘சாதி, கோஷாப் பெண்களுக்கான’ என்னும் அடைமொழி இடம்பெற்றிருந்தது. இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் பெற்று எல்லாப் பெண்களுக்கும் திறந்திருக்கிறது.

மறுத்தோரின் வீரம்

1927-ஆம் ஆண்டு மகாடு மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டை இழுப்பதையும் அதன் இறைச்சியை உண்பதையும் விட்டொழிக்குமாறு நம் மக்களை வேண்டினார். அந்த அறைகூவல் நாட்டின் பல பகுதிகளிலும் எதிரொலித்தது. விடுதலைக்குப் பின் உத்தரப்பிரதேசத்தின் சிற்றூர்களில் ‘நாரா-மவேசி’ இயக்கம் எழுந்தது. ‘நாரா’ என்பது தொப்புள்கொடி. ‘மவேசி’ என்பது கால்நடை. செத்த மாட்டை ஆண்கள் அகற்றுவதில்லை, தொப்புள்கொடியைப் பெண்கள் அறுப்பதில்லை என்று அம்மக்கள் உறுதி பூண்டனர். ஆதிக்கச் சாதியினர் அவர்களைத் தாக்கினர், ஊர்விலக்கம் செய்தனர். ஆயினும் மறுத்தோர் பணியவில்லை.

இதனைப் படிக்கும் சிலர், பேற்றுக்கு உதவ மறுப்பது இரக்கமற்ற செயலன்றோ என வினவலாம். உதவியாகக் கேட்கப்பட்டிருந்தால் அக்கேள்வி நியாயமானதே. ஆனால் அங்கே கேட்கப்பட்டது உதவியன்று, அடிமை ஊழியம். மறுக்கும் உரிமை இல்லாதவரின் உழைப்பைத் தொண்டு என்று அழைத்தல் ஆகாது.

பயிற்சி வந்த பாதை

பேறு பார்ப்போரைப் பயிற்றும் முயற்சி ஆங்கிலேயர் ஆட்சியிலேயே தொடங்கிற்று. 1903-இல் கர்சன் பெருமாட்டியின் முயற்சியால் விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதி நிறுவப்பட்டு, தாயிகளுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1926-இல் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் நிறைவேறியது. 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, ஆயிரம் பேறுகளுக்கு ஏறத்தாழ 20 தாய்மார் மடிவதாக மதிப்பிட்டது. தகுதிபெற்ற மருத்துவச்சியர் போதிய அளவில் உருவாகும் வரையில் தாயிகளுக்குப் பயிற்சி தருதல் வேண்டும் என்றும் அது கூறியது.

1977-இல் ஊரகச் சுகாதாரத் திட்டத்தின்கீழ் ஒவ்வோர் ஊரின் தாயிக்கும் 30 நாள் பயிற்சியும், 300 ரூபாய் உதவித்தொகையும், ஒரு மருத்துவப் பெட்டியும் வழங்கப்பட்டன. தூய கை, தூய இடம், தூய அலகு, தூய நூல், எதுவும் பூசாத தூய தொப்புள் என்பன அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. பிறந்த குழந்தைகளைக் கொன்றுவந்த வில்வாத நோயைத் தடுக்க இத்தூய்மையும் தடுப்பூசியும் பெரிதும் உதவின. 2015-இல் இந்தியா அந்நோயை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது.

எனினும் இப்பயிற்சிகளில் ஒரு குறை இருந்தது. கற்பிப்போர் மேலே அமர்ந்தனர். கற்போர் கீழே அமர்ந்தனர். தாயியின் அறியாமை பேசப்பட்டதேயன்றி, அவளை அந்நிலையில் வைத்த சாதி பேசப்படவில்லை.

ஜாம்கேட் காட்டிய வழி

இக்குறையைத் தீர்க்க முனைந்த ஒரு முயற்சி மராட்டிய மாநிலத்தில் நடந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே என்னும் மருத்துவத் தம்பதியர், 1970-இல் வறட்சி மிகுந்த ஜாம்கேட் வட்டாரத்தில் தம் பணியைத் தொடங்கினர். முதலில் பயிற்சிபெற்ற செவிலியரை ஊர்களுக்கு அனுப்பினர். அது பயன் தரவில்லை. பின்னர் அந்தந்த ஊரே தேர்ந்தெடுத்த பெண்களைச் சுகாதாரப் பணியாளராக்கினர். அவர்களுள் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர். தாழ்த்தப்பட்ட சாதியினரும் அவர்களுள் இருந்தனர்.

அப்பெண்கள் வாரந்தோறும் ஜாம்கேட்டில் கூடினர். எல்லாச் சாதியினரும் ஒன்றாக உண்டனர். ஒரே கூரையின்கீழ் உறங்கினர். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாயைக் கவனிக்கும் முறைகளையும், மருத்துவமனைக்கு உடனே அனுப்பவேண்டிய அறிகுறிகளையும் கற்றனர். கற்றதை ஊருக்குச் சென்று செய்து பார்த்து, நேர்ந்த இடர்களை அடுத்த வாரம் கூறி விவாதித்தனர். நாளடைவில் முன்னே கற்றவர் பின்னே வந்தவருக்கு ஆசிரியராயினர். மருத்துவர் கற்பித்ததைவிட, தன்னைப் போன்ற ஒருத்தி கற்பித்தது புதியவளின் உள்ளத்தில் எளிதாகப் பதிந்தது.

பயன் கணக்கிலும் தெரிந்தது. 1971-இல் அவ்வூர்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 176 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1976-இல் அவ்வெண் 52 ஆகக் குறைந்தது. 1979-இல் அரோலே தம்பதியருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. 1988-இல் வாஷிங்டன் மாநாடு ஒன்றில் பேசிய ஜாம்கேட் பணியாளர் முக்தாபாய் போல், அம்மண்டபத்தின் விலையுயர்ந்த தொங்குவிளக்கையும் தம் கையிலிருந்த சிறு அகல்விளக்கையும் ஒப்பிட்டார். மற்றொரு விளக்கை ஏற்றும் ஆற்றல் அகலுக்கு மட்டுமே உண்டு என்பது அவர் உரையின் கருத்து. வழிகாட்டுதல் என்னும் தொண்டின் இலக்கணத்தை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

துணை இருத்தலின் பயன்

பேற்றின்போது ஒரு பெண் அருகில் இருப்பது வெறும் ஆறுதல்தான் என எண்ணுதல் தவறு. 1980-இல் குவாத்தமாலா நாட்டு ஆய்வு ஒன்று வெளியாயிற்று. துணையின்றி இருந்த தாய்மாருக்குச் சராசரி 19.3 மணி நேரம் நீடித்த பேற்றுவலி, துணையுடன் இருந்தோருக்கு 8.7 மணி நேரத்தில் முடிந்தது. 2017-இல் 17 நாடுகளைச் சேர்ந்த 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோதும், இடைவிடாத துணை பெற்றோருக்கு இயல்பான பேறு மிகுவதும் அறுவை குறைவதும் புலனாயின.

தமிழக அரசு 2004-ஆம் ஆண்டிலேயே அரசு மருத்துவமனைகளில் பேற்றறையில் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளிலேயே நிகழ்ந்தன. ஆகவே கொடியறுக்கும் வேலை இன்று நம் பெண்களுக்கு இல்லை. ஆனால் பேற்றறையில் உடனிருக்கும் தாய்க்கும், மாமியாருக்கும், அக்காளுக்கும் என்ன செய்வதென்று சொல்லிக்கொடுப்பார் வேண்டும்.

நமது கடமை

செவிலியர் கல்வி கற்ற பெண்கள் இன்று நம் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற செவிலியரும் இருக்கிறார்கள். அவர்கள் மாதம் ஒருமுறை ஓரிடத்தில் கூடி, துணையிருக்கப்போகும் பெண்களுக்கு வழிகாட்டலாம். வலியின்போது நடக்கச் செய்தல், முதுகை நீவுதல், அடிக்கடி நீர் பருகத் தருதல். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டச் செய்தல், சீம்பாலைப் பீய்ச்சி எறியாதிருத்தல், குழந்தையை முதல் நாளில் குளிப்பாட்டாதிருத்தல் ஆகியவற்றைக் கற்பிக்கலாம். பேற்றுக்குப் பின் உதிரப்போக்கு மிகுதல், காய்ச்சல், வலிப்பு, கடுந்தலைவலி, குழந்தை பால் குடியாமை ஆகியவை கண்டால் ஒரு கணமும் தாழ்த்தாது 108 ஊர்தியை அழைக்கவேண்டும் என்பதை மனத்தில் பதியச் செய்யலாம். பிள்ளை பெற்றவள் காரணமின்றி அழுதால் அதனைப் பேய்க்கோளாறு என்று ஒதுக்காமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் கற்பிக்கலாம்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, துணைப் பெண் செவிலியருக்கு மாற்று அல்லள். மருந்து தருவதும் பேறு பார்ப்பதும் அவள் வேலையல்ல. இரண்டாவது, தொண்டு என்னும் சொல் கூலியை மறுக்கும் சூழ்ச்சியாகிவிடக்கூடாது. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் ஆஷா பணியாளர்கள் ‘தன்னார்வலர்’ என்றே அழைக்கப்பட்டு, உரிய ஊதியம் வேண்டிப் போராடி வந்திருப்பதை நாம் அறிவோம். நாள் முழுதும் உழைப்பவருக்கு ஊதியம் உரிமை. மாதத்தில் சில மணி நேரத்தைத் தன் மக்களுக்காகத் தானே மனமுவந்து தருவதே தொண்டு.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இப்போது தெளிவாகிறது. உத்தரப்பிரதேசத்தில் கொடியறுக்க மறுத்த பெண்ணும், ஜாம்கேட்டில் பேறுகாலக் கலையைக் கற்றுப் பிறருக்குக் கற்பித்த பெண்ணும் எதிரெதிர்த் திசையில் நடந்தவர் அல்லர். முன்னவள் பிறப்பால் வந்த விலங்கை உடைத்தாள். பின்னவள் கல்வியால் வந்த அறிவைப் பகிர்ந்தாள். முதல் செயல் இன்றேல் இரண்டாவது செயலுக்கு மதிப்பில்லை. மறுக்கும் உரிமையைப் போராடிப் பெற்ற மக்களே, விரும்பித் தரும் தகுதியையும் பெறுகின்றனர். அத்தகுதியை நமக்குத் தந்தது கல்வி. அதனை அடுத்த வீட்டுப் பேற்றறை வரையிலும் கொண்டு செல்வது நம் இளைய தலைமுறையின் பொறுப்பாகும்.